சோளகத்தில் மணல்மேட்டுப் படுக்கை: டோமா, டனலா, தறப்பாளா?

பூநகரிப் பக்கம் கௌதாரிமுனை மணல்மேட்டில் ஒரு இரவு தங்கிப் பார்க்க எங்கள் ஊர்ப் பெடியள் ஆயத்தமாகிறார்கள். கட்டாரில் வேலை செய்த காலத்தில் பாலைவனத்தில் சில இரவுகள் படுத்தவன் என்பதால், "எந்த டென்ட் திறம்?" என்று என்னைக் கேட்டார்கள்.

முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். அங்கே ஷமால், வடமேற்கிலிருந்து. இங்கே மே முதல் செப்டெம்பர் வரை சோளகம், தென்மேற்கிலிருந்து. இரண்டுமே திசை மாறாமல் நாள்கணக்கில் அடிப்பவை.

கடைகளில் அதிகம் கிடைப்பது டோம். இரண்டு கம்புகள் குறுக்கே வளைந்து நிற்பதால் எந்தப் பக்கக் காற்றையும் ஓரளவு தாங்கும். முளை அடிக்காமலே நிற்கும் என்பதுதான் அதன் வில்லங்கம். பாலைவனத்தில் நான் பையை எடுக்க வாகனத்துக்குப் போன இடைவெளியில் என் டோம் பந்துபோல் உருண்டது; சிரித்துக்கொண்டே துரத்தினோம், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மலிவான டோமில் பைபர்கிளாஸ் கம்பு நெடுகப் பிளந்துவிடும். மேல்துணி நிலம்வரை வராது, உள்சுவர் பாதி வலை. மா அரித்ததுபோல் மணல் உள்ளே இறங்கும். விடிந்தால் ஸிப் இறுகியிருக்கும், பல்லுக்குள் நறநறக்கும்.

டனல் வரிசையாக வளையங்கள் வைத்தது. ஒடுங்கிய முனையைக் காற்றுக்குக் காட்டினால் வள்ளம்போல் கிடக்கும், பக்கவாட்டில் அடித்தால் சாய்ந்துவிடும். சோளகத்துக்கு என் தெரிவு இதுதான். சித்திரை, ஐப்பசியில் பின்னேர இடிமழைக்கு முன் காற்று சுழன்றடிக்கும், அப்போது டோம்.

தறப்பாளைப் பற்றி வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை, போரில் இடம்பெயர்ந்து அதற்குக் கீழேதான் படுத்தோம். காற்று வரும் பக்க விளிம்பை மணலில் புதைத்து, மறுபக்கத்தை இரண்டு தடியில் இடுப்பளவு உயர்த்தினால் போதும். பாலைவன நாடோடிகளான பெதூயின்களின் ஆட்டுமயிர்க் கூடாரமும் இப்படித்தான், பதிவாக, நீளமாக, காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். உடைய வளையமோ இறுக ஸிப்போ இல்லை. ஆனால் இரவு முழுக்கப் படபடக்கும், நித்திரை வராது. அம்மாவிடம் தறப்பாளுக்குக் கீழே படுக்கப் போகிறேன் என்றேன். "படுத்தது காணாதோ?" என்றார்.

எதைக் கொண்டுபோனாலும் கூடவே தரும் கம்பி முளையை நம்பாதீர்கள், மணலில் ஆடின பல்லுப்போல் கழன்றுவரும். உரப்பையில் மணல் நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்து மேலே மிதித்து இறுக்குங்கள். கயிறு சரிவாக வெளியே வர வேண்டும். 2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளன் கரையில் சேலைகளைப் பைகளாகத் தைத்து மண் நிரப்பிப் பதுங்குகுழிக்கு அடுக்கினார்கள். மணலை மணலால்தான் கட்டலாம் என்று எங்களுக்கு அப்போதே தெரியும்.

சரி, பெடியளிடம் இருப்பது டோம்தான். மேட்டு உச்சியில் அடிக்க வேண்டாம். மறைவான பக்கத்துச் சரிவை ஒட்டியும் வேண்டாம், உச்சியில் கிளம்பும் மணல் அங்கேதான் கொட்டும். பத்துப் பதினைந்து பாகம் (ஒரு பாகம் இரு கை விரித்த நீளம்) தள்ளி, வாசலை வடகிழக்குப் பார்க்க வைத்து, ஆறு உரப்பை புதைத்த பிறகுதான் கம்பை நிமிர்த்தச் சொல்லியிருக்கிறேன்.