மேனேஜ்மென்ட் கோட்டா மெடிக்கல் சீட்: 3 லட்சம் போன கதை

நீட் ரிசல்ட் வந்த வாரத்திலேயே ஏஜென்ட்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். எனக்கு 2023இல் வந்தது. மகள் எடுத்தது 720க்கு 248. “பொதுப்பிரிவுக்கே கட்-ஆஃப் 137தான் சார், பாப்பா தாராளமா பாஸ். சேர்மன்கிட்ட பேசி மேனேஜ்மென்ட் கோட்டால சீட்டை பிளாக் பண்ணிடலாம்” என்றார் அந்த ஆள். 137 எடுத்தால் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். சீட் கிடைப்பது ரேங்கைப் பொறுத்தது. அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

விசாரிக்காமல் பணம் கொடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். முந்தைய வருஷம் அவர் மூலமாக மகனைச் சேர்த்த ஒருவரின் நம்பரைக் கொடுத்தார். பேசினேன். “சொன்ன மாதிரியே முடிச்சுக் கொடுத்தார், தைரியமா கொடுங்க” என்றார் அவர். 3 லட்சம், ரொக்கமாக, ரசீது இல்லாமல். கலந்தாய்வு விண்ணப்பத்தையும் ஏஜென்ட்டே தன் மொபைல் நம்பரில் பதிவு செய்தார். ஓடிபி எல்லாம் அவருக்கே போனது. எந்தக் கல்லூரிகளைத் தேர்வு செய்தார் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது.

முதல் சுற்றில் இடமில்லை. “அடுத்த ரவுண்டு பாருங்க” என்றார். அதிலும் இல்லை. அப்புறம் போனையே எடுக்கவில்லை.

மாநில மருத்துவக் கலந்தாய்வை நடத்தும் தேர்வுக்குழுவின் அலுவலகம் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே நேரில் போனபோதுதான் விஷயம் புரிந்தது. தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டு (மேனேஜ்மென்ட் கோட்டா) இடங்களும் தேர்வுக்குழுவின் கலந்தாய்வில், நீட் ரேங்க் வரிசையில்தான் நிரம்புகின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் டெல்லியில் இருக்கும் மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழு (எம்சிசி) நடத்தும் கலந்தாய்வு. சேர்மன் நினைத்தாலும் இடையில் சீட்டைப் பிடித்து வைக்க முடியாது.

அப்படியானால் முந்தைய வருஷம் சேர்ந்த அந்தப் பையனுக்கு எப்படிக் கிடைத்தது? பழைய ஒதுக்கீட்டுப் பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அவனுக்குப் பின்னால் இருந்த ரேங்குகளுக்கும் அதே கல்லூரி, அதே சுற்றில் கிடைத்திருக்கிறது. அவன் ரேங்குக்குத் தானாகவே வந்திருக்கும் இடம் அது. பத்துப் பேரிடம் வாங்கினால் ரேங்க் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு எப்படியும் கிடைத்துவிடும். அவர்களே அடுத்த வருஷத்துக்குச் சாட்சி. கிடைக்காதவர்களை இழுத்தடிக்கலாம். ஏஜென்ட் ஒரு துரும்பைக்கூட நகர்த்த வேண்டியதில்லை.

மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்த பிறகு 80 ஆயிரம் திரும்பி வந்தது. மீதிக்கு நடந்துகொண்டிருக்கிறேன். பணத்தைவிட எனக்கு ஆறாதது வேறு. “மெடிக்கலே கன்ஃபர்ம், வேற அப்ளிகேஷன் எதுக்கு” என்ற பேச்சை நம்பி, பிளஸ் டூ மதிப்பெண்ணிலேயே சேரக்கூடிய கால்நடை மருத்துவத்துக்கோ பி.எஸ்சி. நர்சிங்குக்கோ விண்ணப்பமே போடவில்லை. மகளுக்கு ஒரு வருஷம் வீணாகப் போனது.

அந்தப் பையனின் அப்பாவுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். “எனக்குச் செஞ்சு கொடுத்தாரே சார்” என்றார்.