அணுத்திணிவா, அணுவெண்ணா?

கல்லடியில் உயர்தர வகுப்புக்குப் போகும் தம்பி, ஆவர்த்தன அட்டவணையில் மூலகங்களை அணுத்திணிவு வரிசையில் அடுக்கினால் என்ன என்று கேட்டான். அடுக்கலாம்தான், ரஷ்ய இரசாயனவியலாளர் மெண்டலீவ் 1869இல் அப்படித்தான் அடுக்கினார், கண்டுபிடிக்காத மூலகங்களுக்கு இடமும் விட்டார், 1875இல் கல்லியம் வந்து அதில் ஒன்றில் உட்கார்ந்தது. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர். ஆனால் தெலூரியத்தின் திணிவு 127.6, அயடீனுக்கு 126.9, திணிவை மட்டும் பார்த்தால் அயடீன் முன்னுக்கு வந்து, தன்னைப்போல் குணமுள்ள குளோரீன், புரோமீன் கூட்டத்தை விட்டு ஒட்சிசன், கந்தகம் பக்கம் போய் நிற்கும். மெண்டலீவ் குணத்தைப் பார்த்து மாற்றிப் போட்டுவிட்டு, தெலூரியத்தை அளந்ததில்தான் பிழை என்று நினைத்தார். 1913இல் ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் மோஸ்லி மூலகங்கள் விடும் எக்ஸ் கதிர்களை அளக்கத் தொடங்கிய பிறகு விசயம் வெளித்தது: தெலூரியம் 52, அயடீன் 53. இதுதான் அணுவெண், அணுவின் கருவிலுள்ள புரோத்தன் எண்ணிக்கை, அரைகுறை கிடையாது. நான் அணுவெண் பக்கம்தான். தம்பியின் கொப்பியில் அயடீன் இன்னும் கந்தகத்துக்குக் கீழே, பென்சிலில்.