விட்டமின் டி குளிசை: போத்தலுக்கு ஒரு குட்டு, குளிசைக்கு அரை ஓகே

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்ததிலிருந்து எங்களுக்கு ஒரே பயம், எங்கேயாவது விழுந்துவிடுவாரோ என்பதுதான். லயத்து இஸ்தோப்பிலிருந்து வாசலுக்கு இறங்கும் படி மழைக்காலத்தில் பாசி பிடித்துக் கிடக்கும். அட்டன் டவுனில் ஒரு பார்மசித் தம்பி, “இத எடுத்தா தசை பலமாகும், விழ மாட்டாங்க அக்கா” என்று விட்டமின் டி3 போத்தலொன்றை எடுத்து வைத்தார்.

மூடியை அமுக்கித் திருப்ப வேண்டும். பிள்ளைகள் திறக்கக் கூடாதென்று அப்படிச் செய்திருக்கிறார்கள், சரி. ஆனால் ஒரு கை மட்டும் வேலை செய்கிறவர் என்ன செய்வார்? அம்மா தொடைகளுக்கு நடுவில் இடுக்கிப் பார்த்தார், போத்தல் சுழன்றதே தவிர மூடி அசையவில்லை. இப்போது காலைச் சாப்பாட்டோடு நானே எடுத்துக் கொடுக்கிறேன். எண்ணெயில் கரையும் விட்டமின் என்பதால் தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் நல்ல துணை. குளிசை சின்னது, வழுவழுப்பானது, தொண்டையில் சிக்குவதில்லை. முன்பக்கம் 25 மைக்ரோகிராம், பின்பக்கம் 1000 ஐயூ (விட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) என்று போட்டிருக்கிறது. இரண்டும் ஒரே அளவுதான், பயப்பட வேண்டாம்.

காலமெல்லாம் வெயிலில் கொழுந்து எடுத்தவருக்கு வெயிலில் கிடைக்கும் விட்டமின் டி எப்படிக் குறைந்தது என்று கேட்பீர்கள். நோய்க்குப் பிறகு அவர் காம்பராவை விட்டு வெளியே வருவதே குறைவு. வயதான தோல் வெயிலிலிருந்து விட்டமினை முன்போல உண்டாக்கவும் செய்யாது. இரத்தப் பரிசோதனையிலும் குறைவென்றே வந்தது, டாக்டர் தொடரச் சொன்னார். குறைவு இருந்தால் தசை சோர்வது உண்மை, அதை நிரப்பத்தான் வேண்டும்.

ஆனால் “விழ மாட்டாங்க” என்பது வியாபாரப் பேச்சு. பாரிசவாதக்காரர்களுக்கு இது விழுவதைத் தடுக்கும் என்ற பேச்சில் அடிக்கடி அடிபடும் பெயர் ஜப்பானிய மருத்துவ ஆய்வாளர் யொஷிஹிரோ சாட்டோ. அவருடைய கட்டுரைகள் டசன் கணக்கில் மோசடி என்று திரும்பப் பெறப்பட்டுவிட்டன. அமெரிக்காவில் 25,000க்கு மேற்பட்டவர்களுக்குத் தினமும் 2000 ஐயூ கொடுத்துப் பார்த்தார்கள். விழுவதும் குறையவில்லை, எலும்பு முறிவதும் குறையவில்லை. அவுஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் ஐயூ கொடுத்ததில் விழுந்தவர்கள் கூடியே போனார்கள். ஆகவே இரட்டை டோஸ் போட்டால் இரட்டைப் பலம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அம்மா இப்போது கொஞ்சம் உறுதியாக நடக்கிறார். அதற்குக் குளிசையைவிட பிசியோதெரபி மிஸ் கற்றுக்கொடுத்த கதிரையில் எழும்பி உட்காரும் பயிற்சிக்கும், என் தம்பி படியோரம் பிடித்து இறங்கப் பூட்டிய ஜீஐ இரும்புக் குழாய்க்கும்தான் மார்க் போடுவேன். குளிசைக்கு 5க்கு 3. அடுத்த முறை அட்டையில் வருவதைக் கேட்டு வாங்கப் போகிறேன், அதையாவது அம்மா ஒற்றைக் கையால் அமுக்கி எடுத்துக்கொள்வார்.