வெள்ளெழுத்து வந்த கண்ணும் பழைய வின்செஸ்டரும்: எந்த பீப் சைட் போடலாம்?

நாப்பத்தஞ்சு தாண்டுனா பேப்பரை கைநீளத்துக்குத் தள்ளிப் பிடிச்சு படிக்கிறோம்ல, அதே கூத்துதான் துப்பாக்கிலயும். வின்செஸ்டர் 94 மாதிரி பழைய லீவர் ரைஃபிள்ல (கீழ இருக்கற கைப்பிடியை இறக்கி ஏத்தி தோட்டா போடறது) பேரல் மேல ஒரு வெட்டு வச்ச ரியர் சைட், அதாவது பின்பக்கக் குறி, நுனியில முன்பக்கக் குறியா ஒரு சின்ன உருண்டை மணி, அதுக்கும் அந்தப் பக்கம் மான். கண்ணால ஒரு நேரத்துல ஒரு தூரத்தைத்தான் தெளிவா பாக்க முடியும், சின்ன வயசுல லென்ஸ் சட்டு சட்டுன்னு மாத்தி மாத்தி ஃபோகஸ் பண்ணி சமாளிச்சுடும், இப்ப அது இறுகிப்போச்சு, அந்த வெட்டு இருக்கற இடமே புகைமூட்டமா தெரியுது.

ஸ்கோப் போட்டா தீந்துச்சேன்னு கேப்பீங்க. 1982 வரைக்கும் வந்த 94ல தோட்டாக்கூடு மேல பாத்து தெறிக்கும், அதனால ஸ்கோப்பை பக்கவாட்டுல தள்ளி மாட்டணும், பாக்கவே சகிக்காது. கையில புடிச்சு தூக்கற இடத்துல வேற இடிக்கும். அதனாலதான் பீப் சைட். கண்ணுக்குக் கிட்ட ஒரு வளையம், அதுக்குள்ள பாத்தா முன்னாடி மணியும் மானும் ரெண்டுமே ஓரளவு தெளிவாயிடும், கேமராவுல அபர்ச்சரைச் சின்னதாக்குனா முன்னும் பின்னும் ஷார்ப்பா வருமே அதே கதை. வளையத்தைப் பாக்கவே வேண்டாம், அது மங்கலாத்தான் இருக்கணும், கண்ணு தானா நடுவுக்குப் போயிடும். கனெக்டிகட்காரர் வில்லியம் லைமன் 1879லயே இதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டார்.

சரி, எதை வாங்கறது. ரெண்டு கட்சி இருக்கு. ஒண்ணு ரிசீவர் சைட், துப்பாக்கி உடம்போட இடது பக்கம் ஸ்க்ரூ போட்டு மாட்டறது. இன்னொண்ணு டேங் சைட், ஹேமருக்கு (தட்டி வெடிக்க வைக்கற சுத்தியல்) பின்னாடி டேங்குங்கற இரும்புப் பட்டை மேல, கட்டைவிரல் போற இடத்துல குச்சி மாதிரி நிக்கறது, வேணாம்னா மடக்கி வச்சுக்கலாம்.

அழகுன்னு பாத்தா டேங் சைட்தான், அதுல பேச்சே இல்ல. நூறு வருஷத்து துப்பாக்கில மார்பிள்ஸ் கம்பெனி டேங் சைட் நின்னா அது ஒரு தனி கம்பீரம். கண்ணுக்கு ரொம்ப கிட்ட இருக்கறதால ஓட்டை பெருசா தெரியும், முன் மணிக்கும் அதுக்கும் தூரம் ஜாஸ்தி, அதனால குறி பிசகறது கம்மி. ஆனா கட்டைவிரலைச் சுத்திப் பிடிக்கிற பழக்கம் இருந்தா இடைஞ்சல், புதர்ல மாட்டும், கண்ணுக்கு அவ்ளோ பக்கத்துல இரும்பு இருக்குன்னு நெனச்சாலே எனக்கு கண்ணு சிமிட்டுது. 94ல போடற .30-30 தோட்டாவோட உதை பெருசு இல்லதான், இருந்தாலும் பயம் பயம்தான? போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கின்னா (போல்ட்டைப் பின்னால இழுத்து தோட்டா ஏத்தறது) இந்தப் பேச்சே எடுக்காதீங்க, போல்ட் பின்னாடி வர்ற வழியிலயே அது நிக்கும். அந்தக் காலத்து ஸ்ப்ரிங்ஃபீல்டு போல்ட் ரைஃபிளுக்கெல்லாம் லைமன் 48னு ரிசீவர் சைட்தான் போட்டாங்க.

ரிசீவர் சைட்ல மிச்சிகன்காரங்க வில்லியம்ஸ் ரெண்டு விதமா தர்றாங்க. 5டி விலை கம்மி, ஸ்க்ரூவை லூஸ் பண்ணி விரலால நகத்தி திரும்ப இறுக்கணும், ஒரு தடவை செட் பண்ணிட்டா தொடமாட்டேன்னு இருக்கறவங்களுக்கு அது போதும். இன்னொண்ணு ஃபூல்ப்ரூஃப், அதுல நுணுக்கமா நகத்தலாம், ஸ்க்ரூடிரைவர் வேணும், வெளிய திருகு குமிழ் நீட்டிக்கிட்டு இல்லாததால பையில உரசி மாறிடுச்சோன்னு கவலை இல்ல. பழைய லைமன் 66 கிடைச்சா விடாதீங்க, ஸ்டீல்ல வந்தது, குமிழைத் திருப்புனா க்ளிக் க்ளிக்னு விழும். இன்னொரு லீவர் ரைஃபிளான மார்லின் 336 வச்சிருக்கறவங்க கதை வேற. தலை தட்டையா மூடியிருக்கும், கூடு பக்கத்துல தெறிக்கும், மேல ஸ்க்ரூ ஓட்டை இருக்கற மாடலா இருந்தா ஸ்கின்னர் கம்பெனியோடது மாதிரி குட்டி பீப் சைட் அதுலயே உக்காந்துடும், எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட நேர்த்தியா படுது.

பிராண்டை விட முக்கியம் பாக்கற ஓட்டையோட சைஸ், இதுலதான் நான் ஏமாந்தேன். சின்ன ஓட்டை போட்டா தெளிவு கூடும்னு வளையத்துக்குள்ள திருகி மாட்டற ஓட்டைத் தட்டு, அதாவது டிஸ்க், 0.050 இன்ச்ல போட்டேன், மத்தியான வெயில்ல பேப்பர் டார்கெட்ல பிரமாதம். நவம்பர் 15 மிச்சிகன்ல மான் வேட்டை சீசன் தொடங்குற அன்னிக்கு விடியக்காலைல பைன் மரத்துக்கு நடுவுல உக்காந்து பாத்தா ஒரே இருட்டு, மான் நிக்குதா மரம் நிக்குதான்னே தெரியல. வயசானா கண்மணி இருட்டுல முன்ன மாதிரி விரியாது, அதுமேல ஊசி ஓட்டையை வேற வச்சா வெளிச்சத்துக்கு எங்க போறது. அடுத்த நாள் அந்த டிஸ்க் கழண்டு இலைச் சருகுல விழுந்து தொலைஞ்சுது, டிஸ்க் மாட்டற வெறும் வளையத்து வழியாவே பாத்தேன், அட, அதுதான் நல்லா இருந்துச்சு! அப்புறம்தான் தெரிஞ்சுது நிறைய பேர் வேணும்னே அப்படித்தான் வேட்டையாடறாங்கன்னு. இப்ப சுட்டுப் பழகற ரேஞ்சுக்கு 0.093, காட்டுக்கு 0.125 இல்லன்னா வெறும் வளையம். மெரிட் ஐரிஸ்னு சுத்திச் சுத்தி ஓட்டையை மாத்திக்கற டிஸ்க்கும் உண்டு, ரேஞ்சுக்கு ஓகே, காட்டுல அதைத் திருகிட்டு இருந்தா மான் அதுபாட்டுக்கு போயிடும்.

இன்னொரு செலவையும் சொல்லிடறேன். ரிசீவர் சைட் கொஞ்சம் உசரமா உக்காரும், கீழ எறக்க முடிஞ்ச வரைக்கும் எறக்கியும் குண்டு மேல போனா முன் மணியை உசரமானதா மாத்தணும். கணக்கு சுலபம்: 100 கஜம்னா 3600 இன்ச், ரெண்டு சைட்டுக்கும் நடுவுல 22 இன்ச்னு வைங்க, குண்டு 4 இன்ச் மேல விழுந்தா 4 பெருக்கல் 22 வகுத்தல் 3600, அதாவது 0.024 இன்ச் உசரம் கூட்டணும். மாத்தும்போதே வெள்ளை இல்லன்னா பித்தளை முகம் வச்ச மணியா வாங்கிடுங்க.

சைட்டை மாட்டற ஸ்க்ரூ ஓட்டை விஷயத்துல ஒரே ஒரு கண்டிஷன். உங்க துப்பாக்கி பழைய ஒரிஜினலா இருந்து பக்கத்துல ஃபேக்டரி ஓட்டை இல்லன்னா ட்ரில் எடுக்காதீங்க, சேகரிக்கிறவங்ககிட்ட அதோட மதிப்பு அன்னிக்கே போச்சு. அந்த மாதிரி பழசுல பலதுக்கு டேங்ல ஓட்டை ரெடியா இருக்கும், அப்ப என் பயத்தை ஓரமா வச்சுட்டு டேங் சைட்டையே போடுங்கன்னுதான் சொல்வேன். என்னோடது ஐம்பதுகள்ல வந்தது, இடது பக்கம் ஓட்டை இருந்துச்சு, ஃபூல்ப்ரூஃப் ஏறிடுச்சு.

இவ்ளோ பண்ணியும் மணி மங்கலா இருந்தா சைட்டைத் திட்டாதீங்க, கண்ணாடியைப் பாருங்க. பைஃபோகல் போட்டுக்கிட்டு தலையை ஆட்டி ஆட்டி சரியான இடத்தைத் தேடறது வேலைக்காகாது. கண் டாக்டர்கிட்ட துப்பாக்கி கதையைச் சொல்லி, தூரப்பார்வை பவரோட 0.50 கூட்டி ஒரே பவர்ல ஒரு ஷூட்டிங் கண்ணாடி கேளுங்க. கேட்டராக்ட் ஆரம்பிச்சிருந்தா மட்டும் எந்த வளையமும் உதவாது, காலை வெயில் எதிர்ல அடிச்சா எல்லாம் ஒரே வெள்ளையாயிடும், அதை முதல்ல செக் பண்ணிட்டு அப்புறம் சைட்டுக்குக் காசு போடுங்க.