தி கலர் பர்ப்பிள்: 1985 படமா, 2023 இசைப்படமா?

ஆலிஸ் வாக்கரின் 1982 நாவலை ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1985-இல் படமாக்கினார். ஓடும் நேரம் 154 நிமிடம். 2023-இல் பிளிட்ஸ் பசாவுலே எடுத்தது 141 நிமிடம். இதை நேரடி ரீமேக் என்று சொல்ல முடியாது. 2005-இல் பிராட்வேயில் மேடையேறிய இசை நாடகத்தின் வழியாக வந்தது. கதை ஒன்றுதான். 1909, ஜார்ஜியா. அப்பா என்று நம்பியவனாலேயே இரண்டு பிள்ளை பெற்று, இரண்டையும் பறிகொடுத்த சீலியை 'மிஸ்டர்' என்ற முரடனுக்குக் கட்டிவைக்கிறார்கள். தங்கை நெட்டியையும் அவன் விரட்டிவிடுகிறான்.

வாய் திறக்காத பெண்ணின் மனதைத் திரையில் எப்படிக் காட்டுவது? நாவலில் அவள் கடவுளுக்குக் கடிதம் எழுதுகிறாள். ஸ்பீல்பெர்க் பின்னணிக் குரலையும் சீலியாக நடித்த வூப்பி கோல்ட்பெர்க்கின் முகத்தையும் நம்பினார். மிஸ்டருக்கு முகம் மழிக்கச் சவரக்கத்தியோடு அவர் நெருங்கும் காட்சி ஒன்று போதும். பசாவுலே அந்த மனதைக் கற்பனைக் காட்சிகளாகவே விரிக்கிறார்: சுழலும் பிரமாண்ட இசைத்தட்டின் மேல், மிஸ்டரின் காதலியான பாடகி ஷுக் ஏவரியின் குளியல் தொட்டி. பார்க்க அழகுதான். ஆனால் பாட்டில் அவ்வளவு மனம் திறந்தவள் அடுத்த காட்சியிலேயே கூனிக்குறுகி நிற்கும்போது, அவளுடைய பயம் பாதி கரைந்துபோயிருக்கிறது. துயரம் ஆறப்போட நேரமே இல்லை. அதற்குள் அடுத்த பாட்டு.

மிஸ்டரின் மருமகள் சோஃபியா விஷயத்தில் கணக்கு தலைகீழ். 1985-இல் ஓப்ரா வின்ஃப்ரே சோளக்காட்டில் பேசிய வசனத்தின் இடத்தை இங்கே 'ஹெல் நோ!' பாட்டு பிடிக்கிறது. 2015 மேடை மறுதயாரிப்பிலும் இதே வேடம் கட்டிய டேனியல் புரூக்ஸ் அதைப் பாடி அதிரவைக்கிறார். அதனால்தான் சிறையிலிருந்து வரும் சோஃபியாவின் ஊமைத்தனம் அப்படி வலிக்கிறது: அந்தக் குரலைக் கேட்டுவிட்டோமே! படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் பரிந்துரை இவருக்குத்தான். (பழைய படத்துக்கு 11 பரிந்துரை, விருது ஒன்றுகூட இல்லை.)

பழைய படத்திலும் பாட்டு உண்டு. குயின்சி ஜோன்ஸின் இசையில் ஷுக், சீலிக்காகப் பாடும் 'மிஸ் சீலிஸ் புளூஸ்' கதைக்குள்ளேயே, சாராயக் கொட்டகையில் நடக்கிறது. வாயசைத்தவர் மார்கரெட் ஏவரி, குரல் டாட்டா வேகா. குறை ஜோன்ஸின் பின்னணி இசையில்தான். சில இடங்களில் நாம் அழுவதற்கு முன்பே வயலின்கள் அழுதுவிடுகின்றன. சீலி–ஷுக் காதலை ஸ்பீல்பெர்க் ஒரு முத்தத்தோடு நகர்த்திவிட்டார். புதியது அதற்கு ஒரு முழுப் பாட்டு கொடுத்தாலும் நாவலின் துணிச்சலுக்கு வெகு கீழேதான் நிற்கிறது.

மிஸ்டரின் முடிவில்தான் சர்ச்சை. பழைய படத்தின் மிஸ்டர் டேனி குளோவர், சகோதரிகள் சேர்வதைத் தூர நின்று பார்க்கிறார். புதிய படத்தின் கோல்மன் டொமிங்கோவோ சீலியின் துணிக்கடைக்கு வந்து பேன்ட் வாங்கி, கடைசியில் குடும்பக் கூட்டத்திலும் சேர்ந்துவிடுகிறார். நாவலுக்கு நெருக்கமானது இதுதான். அதில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து தைக்கிறார்கள். ஆனால் நாவல் பல வருடம் எடுத்துக்கொண்ட மன்னிப்பைப் படம் சில நிமிடத்தில் முடித்துவிடுகிறது. எங்கள் ஓட்டு குளோவருக்கே.

இரண்டையும் பார்ப்பதென்றால் 1985 முதலில். கதையின் கனம் தெரிந்தபின் 'ஐ'ம் ஹியர்' பாட்டில் புதிய சீலியான ஃபேன்டேஷியா பாரினோ உடைந்து எழும்போது அதன் மதிப்பு புரியும். பாட்டுப் படம்தானே என்று சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டாம். இரண்டுக்குமே அமெரிக்காவில் பிஜி-13 சான்றிதழ்தான் (13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் யோசித்துக் காட்ட வேண்டும் என்று பொருள்). பாலியல் வன்கொடுமையும் குழந்தையைப் பறிப்பதும் இரண்டிலும் தொடக்கத்திலேயே வந்துவிடும்.