காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா? .223, .308, இன்னும் சில

பெங்களூரில் எங்கள் ரைபிள் கிளப்புக்கு வரும் தமிழ்க்காரர்களில் பாதிப் பேருக்கு டெக்ஸாஸில் ஓர் அண்ணனோ மச்சானோ இருக்கிறார். மீதிப் பேருக்குத் தளி, தேன்கனிக்கோட்டை, கனகபுரா பக்கம் ராகியோ நிலக்கடலையோ விளைகிற நிலம் இருக்கிறது. இரண்டு தரப்பும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பன்றிக்கு எந்தக் காலிபர் (தோட்டாவின் அளவு) சரி? டெக்ஸாஸில் கடைக்குப் போய் விருப்பப்பட்டதை வாங்கலாம், பன்றியைச் சுடச் சட்டமும் இடம் கொடுக்கிறது. இங்கே அனுமதி வாங்காமல் துப்பாக்கியைத் தூக்கினாலே குற்றம். அதனால் முதலில் அந்த ஊர்க் கதை, அப்புறம் நம்மூர்.

என் கருத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ரைபிள்தான் வாங்குவீர்கள் என்றால் .308 வின்செஸ்டர். ஆனால் காலிபரை விடப் பெரிய விஷயம் அதில் போடுகிற புல்லட்டின், அதாவது தோட்டாவின் முனையிலிருந்து பாய்ந்து போகும் குண்டின், வகை. தப்பான புல்லட் போட்ட .308-ஐ விட, சரியான புல்லட் போட்ட .223 மேல்.

ஏன் என்று புரிய, பன்றியின் உடம்பைப் பார்க்க வேண்டும். ஆஸ்டினுக்குக் கிழக்கே என் பெரியப்பா மகனுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அங்கே சுட்ட ஒரு கிழட்டு ஆண் பன்றியை அவர் அறுத்துக்கொண்டிருந்தபோது தோள்பட்டையில் கத்தி நின்றுவிட்டது. "தம்பி, இதைத் தொட்டுப் பாரு" என்றார். தோலுக்கு அடியில் இரண்டு விரல் கனத்தில், மஞ்சள் கலந்த வெள்ளையில், பழைய லாரி டயர் மாதிரி ஒரு பட்டை. ஆண் பன்றிகள் ஒன்றையொன்று கோரைப்பல்லால் குத்திக்கொள்ளும்போது நெஞ்சைக் காப்பதற்காக வளர்வது அது. வயது ஏற ஏறக் கெட்டியாகிறது. அதற்கு மேலே முரட்டு ரோமம், ரோமத்தில் காய்ந்த சேறு. புல்லட் இத்தனையையும் தாண்டித்தான் நுரையீரலுக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, இதயம் இருக்கும் இடம். மானைச் சுட்டுப் பழகினவர்கள் தோளுக்குச் சற்றுப் பின்னால் குறி வைப்பார்கள். பன்றிக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் கீழே, முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கின்றன. மானுக்கு வைக்கிற குறியை இங்கே வைத்தால் குண்டு ஈரலிலோ வயிற்றிலோ இறங்கும். அந்தப் பன்றி ஓடிப்போய்ப் புதருக்குள் பல மணி நேரம் வேதனைப்பட்டுச் சாகும். பக்கவாட்டில் நிற்கும் பன்றிக்குச் சரியான இடம், முன்னங்காலின் நேர்கோட்டிலேயே மேலே போய், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அங்கேதான் அந்தப் பட்டையும் இருக்கிறது. சிக்கலே இதுதான்.

அதனால் புல்லட்டில் மூன்று வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கயோட்டி, முயல் போன்ற சிறு விலங்குகளுக்கான புல்லட் பட்டவுடன் சிதறும்படி செய்யப்பட்டது. பன்றியின் தோள்பட்டையில் அது மேலாகவே சிதறி, பெரிய காயத்தை மட்டும் விட்டுவைக்கும். ராணுவ பாணியில் முழுக்கச் செம்பு உறை போட்ட புல்லட் எதிர்ப்பக்கம் வரை போகும், ஆனால் பெரும்பாலும் ஊசி போட்ட மாதிரி சின்னத் துளையோடு. ரத்தத் தடம் கிடைக்காது. பன்றிக்கு ஏற்றவை மூன்றாவது வகை: ஈயமும் உறையும் பிரியாமல் ஒட்டிய சாஃப்ட் பாயிண்ட் (முனை மென்மையானது), அல்லது முழுச் செம்பு. ஜான் நாஸ்லர் 1946-இல் கனடாவில் சேறு அப்பியிருந்த ஒரு மூஸை (பெரிய மான் வகை) சுட்டபோது புல்லட்டுகள் ஆழமாக இறங்காமல் உடைந்துபோயின. அதிலிருந்துதான் புல்லட்டுக்கு நடுவே ஒரு தடுப்புச் சுவர் வைக்கும் யோசனை அவருக்கு வந்தது. முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே உள்ளே போகும். 1948-இல் விற்பனைக்கு வந்த அந்த பார்டிஷன் புல்லட் இன்னும் கடையில் கிடைக்கிறது. சேற்றில் புரள்கிற பன்றிக்கு அதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியாது.

சரி, இப்போது காலிபர்.

.223-க்கும் .308-க்கும்

டெக்ஸாஸில் அதிகம் கண்ணில் படுவது ஏ.ஆர்.-15 துப்பாக்கியும் அதில் ஓடும் .223 ரெமிங்டனும். 55 கிரெய்ன் (குண்டின் எடையளவு; இது மூன்றரை கிராம் சுமார்) புல்லட் வினாடிக்கு ஏறத்தாழ 990 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது, குழல் வாயில் 1,700 ஜூல் சக்தி. .308-இல் 150 கிரெய்ன் புல்லட், வினாடிக்கு 860 மீட்டர், 3,500 ஜூலுக்கு மேல். காகிதத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம்.

ஆனால் .223-ஐ விரும்புகிறவர்கள் சொல்லும் காரணம் அசட்டையாகத் தள்ளக்கூடியது இல்லை. பன்றி தனியாக வராது, கூட்டமாக வரும். முதல் வெடிக்குக் கூட்டம் நாலா பக்கமும் சிதறும். .223-க்கு உதை மிகக் குறைவு என்பதால் சுட்ட பிறகும் பன்றி ஸ்கோப்புக்குள்ளேயே இருக்கும், எங்கே பட்டது என்று தெரியும், தேவையென்றால் உடனே அடுத்ததைக் கொடுக்கலாம். தோட்டா விலையும் குறைவு, அதனால் நிறையச் சுட்டுப் பழகலாம். பழகினவர் கையில், நூறு மீட்டருக்குள், காதின் அடியில் குறி வைத்தால் .223 பன்றியை நின்ற இடத்திலேயே சாய்க்கும். நானே பார்த்திருக்கிறேன்.

அந்த "காதின் அடியில்" என்பதுதான் தொந்தரவு. மூளை சின்ன இலக்கு. மேயும் பன்றியின் தலை ஒரு நொடி கூட அசையாமல் நிற்பதில்லை. இரண்டு அங்குலம் முன்னே போனால் தாடை உடையும், அந்த விலங்கு பட்டினி கிடந்து சாகும். தோள்பட்டையில் சுட்டுத்தான் ஆக வேண்டிய நேரம் வரும், அல்லது பன்றி கொஞ்சம் சாய்ந்த கோணத்தில் நிற்கும். அப்போது .223-க்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை. .308-க்கு இருக்கிறது. 150 அல்லது 165 கிரெய்ன் ஒட்டுப் புல்லட் அந்தப் பட்டையையும் எலும்பையும் உடைத்து மறுபக்கம் வெளியே வரும், இரண்டு துளையிலும் ரத்தம் வடியும், இருட்டில் டார்ச் அடித்துத் தேடினாலும் தடம் கிடைக்கும். கையில் இருக்கும் துப்பாக்கி தவறுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன், ஏனென்றால் நம் தவறுக்கு விலை கொடுப்பது அந்த விலங்கு.

.308-க்கு உண்மையான குறைகள் இரண்டு. உதை தோளுக்குத் தெரியும், சுடும்போது கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம் புதியவர்களுக்கு இதில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். அடுத்தது, குண்டு பன்றியோடு நிற்காது. பின்னால் இன்னொரு பன்றி இருந்தால் அதுவும் காயம்படும், வீடு இருந்தால் சொல்லவே வேண்டாம். சமதள நிலத்தில் ஏணி வைத்த மேடையிலிருந்து கீழ்நோக்கிச் சுடுவது இதற்காகத்தான். குண்டு மண்ணில் இறங்கும்.

6.5 கிரீட்மூரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஹார்னடி நிறுவனம் 2007-இல் நீண்ட தூர இலக்குப் போட்டிக்காகக் கொண்டுவந்தது. சக்தி 3,000 ஜூல் சுமார், உதை .308-ஐ விட மென்மை, தொலைவில் காற்றுக்கு அவ்வளவு விலகாது. பன்றியைப் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்தான் பார்க்கிறோம், அங்கே இந்தத் தொலைதூர மேன்மைக்கு வேலையே இல்லை. ஆனால் .308-இன் உதையைத் தாங்காதவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

கிட்டத்துக்கு மூன்று

.300 பிளாக்அவுட் 2011-இல் தரநிலை பெற்றது. வேகத் தோட்டாவில் 110 கிரெய்ன் புல்லட், 1,800 ஜூல். அறுபது எழுபது மீட்டரில் நன்றாகவே வேலை செய்யும். இதையே ஒலியை விட மெதுவான தோட்டாவோடு, சத்தம் குறைக்கும் குழாய் மாட்டிச் சுடுவதற்காகத்தான் பலர் வாங்குகிறார்கள். அந்த மெதுவான தோட்டாவில் சக்தி 700 ஜூலைக் கூட எட்டுவதில்லை. பெரிய ஆண் பன்றிக்கு அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதைவிட முக்கியமான ஒன்று. .300 பிளாக்அவுட் தோட்டா .223-இன் வெடிகூட்டை வெட்டிச் செய்தது. அதே மாகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), அதே போல்ட். கவனக்குறைவாக .223 துப்பாக்கியில் இதைப் போட்டால் சில புல்லட்டோடு அது உள்ளே உட்கார்ந்துவிடும், சுட்டால் துப்பாக்கி முகத்துக்கு முன்னால் வெடிக்கும். வீட்டில் இரண்டும் இருந்தால் மாகசினுக்கு வேறு வேறு நிறத்தில் பட்டை சுற்றி வையுங்கள். ஒரே நாளில் இரண்டையும் வெளியே எடுக்காதீர்கள்.

.30-30 வின்செஸ்டர் 1895-இலிருந்து இருக்கிறது. புதருக்குள் நடந்து போய்ச் சுடுபவர்களுக்கு லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கி (கைப்பிடியருகே உள்ள நெம்புகோலை அசைத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது) எடை குறைவு, கைக்கு அடக்கம். 2,500 ஜூல் சக்தி 150 மீட்டர் வரை பன்றிக்கு ஏராளம். குழாய் மாகசினில் தோட்டாக்கள் ஒன்றின் பின்னால் ஒன்று நிற்பதால் புல்லட்டின் முனை தட்டையாக இருக்க வேண்டும். கூர்முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரில் (பின்புறத்தில் தீ மூட்டும் மூடி) இடித்தால் மாகசினுக்குள்ளேயே வெடிக்கும். ரப்பர் போன்ற மென்முனை வைத்தவை விதிவிலக்கு. .45-70 அதைவிடப் பழசு, 1873. அடர்ந்த புதரில் பாய்ந்து வரும் பன்றிக்கு 405 கிரெய்ன் குண்டு நல்ல துணைதான், ஆனால் நூறு கஜத்துக்குக் குறியைச் சரி செய்த பழைய பாணித் தோட்டா இருநூறு கஜத்தில் இரண்டடி கீழே போகும்.

நம் பக்கம்

இங்கே முதல் ஏமாற்றம், நான் மேலே புகழ்ந்த .308. அது ராணுவத்தின் 7.62 மி.மீ. தோட்டாவின் இரட்டை. அந்த ராணுவத் தோட்டாவைச் சுடக்கூடிய ரைபிளை நம் ஆயுத விதிகள் சாதாரண லைசென்ஸில் அனுமதிப்பதில்லை. .303-க்கும் அதே கதி. விவசாயி கையில் வரக்கூடியவை .315, .30-06, பன்னிரண்டு போர் (ரவை சுடும் ஷாட்கன்). 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது.

.315 என்பது ஆஸ்திரியாவின் பழைய 8 மி.மீ. மன்லிஷர் தோட்டா. ராணுவத் தோட்டா பொதுமக்கள் கையில் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட கட்டுப்பாட்டால் இங்கே வேரூன்றியது. 244 கிரெய்ன் கனமான, மெதுவான சாஃப்ட் நோஸ் புல்லட். பன்றிக்கு நூறு மீட்டர் வரை தாராளம். .30-06 எல்லா விதத்திலும் மேல், 180 கிரெய்னில் 3,900 ஜூல், ஆனால் தோட்டா கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம். இரண்டுக்கும் பொதுவான ஆபத்து, குறி தப்பினால் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். ஆனேக்கல், தளி மாதிரி வயலுக்கு நடுவே வீடுகள் இருக்கும் ஊர்களில் நான் பரணிலிருந்து பன்னிரண்டு போரைத்தான் சொல்வேன். எல்.ஜி. தோட்டாவோடு (பெரிய ரவைகள் அடைத்தது) முப்பது மீட்டருக்குள் மட்டும். அதைத் தாண்டினால் ரவை சிதறி, காயப்பட்ட பன்றிதான் மிஞ்சும்.

இதெல்லாம் அனுமதி இருந்தால். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பயிரை அழித்தால் 11-ஆம் பிரிவின் கீழ் எழுத்து மூலம் உத்தரவு பெற்றால்தான் சுடலாம், உங்கள் சொந்த நிலமாக இருந்தாலும். கேரளா 2022-இல் அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று அறிவித்தது, விவசாயிகள் அல்ல. குடகில் கொடவர்களுக்கு லைசென்ஸ் இல்லாமலேயே துப்பாக்கி வைத்துக்கொள்ள 2029 அக்டோபர் வரை விலக்கு உண்டு. வைத்துக்கொள்ளத்தான் விலக்கு, வேட்டையாட இல்லை.

டெக்ஸாஸுக்குப் போகிற நம்மவர்களுக்கு ஒரு விஷயம். தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு பன்றி சுட 2019 செப்டம்பரிலிருந்து அங்கே வேட்டை உரிமம் தேவையில்லை. ஆனால் எச்-1பி-யிலோ விசிட்டர் விசாவிலோ இருப்பவர் துப்பாக்கியைத் தொடுவதையே அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. அதிலிருந்து விலக்கு தரும் வழிகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். பன்றிக்கு வேண்டாம் என்றாலும் உங்களுக்கு அது வேண்டும். நான் விசிட்டர் விசாவில் போயிருந்தபோது முதலில் உரிமத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் அண்ணனின் ரைபிளைக் கையில் எடுத்தேன். கலிஃபோர்னியா என்றால் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயப் புல்லட்டே கூடாது, முழுச் செம்புதான்.

திரும்பும்போது ஜாக்கெட், பேண்ட், முதுகுப்பை எல்லாவற்றையும் கவிழ்த்து உதறிப் பாருங்கள். பை மூலையில் மறந்த ஒரே ஒரு தோட்டா தேவனஹள்ளி விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்குதான்.