முதலில் ப்ளக், அப்புறம் பைக்: ஸ்டுட்கார்ட் மலையில் மின்சார பைக்கோடு பதினேழு மாதங்கள்

காலை ஏழரைக்கு மலைமேல் நான் குடியிருக்கும் டெகர்லோக்கில் வண்டியை எடுத்து, நொயெ வைன்ஷ்டைகெ சாலையில் முதல் வளைவு திரும்பினால், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் முழுவதும் கிண்ணத்துக்குள் வைத்ததுபோல் கீழே தெரியும். ஒரு பக்கம் ட்ராம் தண்டவாளம், சரிவில் திராட்சைக் கொடிகள். அந்த இறக்கத்தில் என் வண்டியிலிருந்து வருவது டயர் சாலையில் உரசும் சத்தம் மட்டும்தான். 5,800 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இன்றும் அந்த வளைவுக்காகவே பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறேன்.

வண்டி பிஎம்டபிள்யூ சிஇ 02. 2024 மே மாதம் வாங்கினேன். இங்கே இருக்கும் நம் ஆட்கள் பார்க்கிங்கில் பார்த்துவிட்டு "எப்படிங்க இருக்கு, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததால் இதை எழுதுகிறேன்.

இது பெரிய பைக் இல்லை. மோட்டாரின் திறன் 11 கிலோவாட். அதிகபட்ச வேகம் மணிக்கு 95 கிலோமீட்டர், எடை 132 கிலோ. இரண்டு பேட்டரியும் சேர்த்து 3.92 யூனிட் மின்சாரம் பிடிக்கும். ஒரு சார்ஜுக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்பது கம்பெனிக் கணக்கு. பார்த்தால் ஸ்கூட்டரும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை, ஆனால் ஜெர்மன் காகிதத்தில் இது 125 சிசி வகையைச் சேர்ந்த இலகு மோட்டார் சைக்கிள். இன்னொரு விஷயமும் உண்டு, அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது: பெயர் பவேரியாவுடையது, ஆனால் வண்டி உருவாவது ஓசூரில், டிவிஎஸ் தொழிற்சாலையில். அம்மாவிடம் போனில் சொன்னபோது "அப்படின்னா நம்ம ஊரு வண்டின்னு சொல்லு" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதன் பெயர் ஓசூர்க்காரி.

ஏன் இதை எடுத்தேன்? முதலில் என் மனசு ஸ்வீடனின் 'கேக்' என்ற கம்பெனியின் மின்சார பைக்குகள் மேல்தான் இருந்தது. அவ்வளவு சுத்தமான வடிவமைப்பு. ஆனால் 2024 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி திவாலானது. அப்போதே முடிவு செய்தேன்: பேட்டரிக்கு உத்தரவாதம் தருகிறவர் நாளைக்கும் கடை திறந்திருக்க வேண்டும். அதே வருடம் அக்டோபரில் இத்தாலியின் எனர்ஜிகாவும் திவாலானது. 2019 முதல் 2022 வரை மோட்டோஇ என்ற மின்சார பைக் பந்தயத்துக்கு வண்டி கொடுத்த கம்பெனி அது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அந்த வண்டி வைத்திருக்கிறார், அருமையான வண்டி, நெடுஞ்சாலை வேகச் சார்ஜரில் காரைப்போலவே சார்ஜ் ஏறும். இன்று அவர் உதிரிபாகத்துக்காக இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறார். அவருக்காக எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஐரோப்பாவில் மின்சார பைக் வாங்குகிறவர் வண்டியைப் பார்ப்பதற்கு முன் கம்பெனி நிற்குமா என்று பார்க்க வேண்டிய காலம் இது.

அடுத்தது லைசென்ஸ். முதலில் போன ஒரு கடையில் "கார் லைசென்ஸ் இருந்தால் போதும், அப்படியே ஓட்டலாம்" என்றார்கள். அது தவறு. நம்பி ஓட்டியிருந்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம் என் தலையில் விழுந்திருக்கும். போதும் என்பது 45 கிலோமீட்டர் வேகத்துக்குள் அடங்கும் வண்டிகளுக்கு மட்டும். இந்த வகைக்கு கார் லைசென்ஸில் பி196 என்ற கூடுதல் பதிவு வேண்டும். 25 வயது முடிந்திருக்க வேண்டும், கார் லைசென்ஸ் வாங்கி ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், ஓட்டுநர் பள்ளியில் 90 நிமிட வகுப்புகள் ஒன்பது முடிக்க வேண்டும். அவற்றில் நான்கு பாடம், ஐந்து சாலைப் பயிற்சி. தேர்வு கிடையாது. நான் 2018-இல் கார் லைசென்ஸ் எடுத்ததால் ஐந்து வருடம் 2023-இல் முடிந்தது. பள்ளிக்கு 780 யூரோ ஆனது. ஒரு பைசாகூட வீண் இல்லை. ஈர இலை மேல் எப்படிப் பிரேக் பிடிப்பது, ட்ராம் தண்டவாளத்தை எந்தக் கோணத்தில் கடப்பது என்று அந்த ஐந்து வகுப்புகளில் கற்றதை தினமும் பயன்படுத்துகிறேன்.

பி196 ஜெர்மனிக்குள் மட்டும்தான் செல்லும். கெல் ஊரில் ரைன் பாலத்துக்கு இந்தப் பக்கம் வரை ஓட்டலாம். பாலத்தைத் தாண்டி ஸ்ட்ராஸ்பூர்குக்குள் போனால் என்னிடம் லைசென்ஸ் இல்லை என்றுதான் பொருள். எல்லை தாண்டிப் போக ஆசை இருந்தால் 125 சிசி வகைக்கான ஏ1 லைசென்ஸ் தேர்வையே முழுசாக எழுதிவிடுங்கள்.

சரி, சார்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். நான் செய்த பெரிய தவறு இதில்தான். பைக்கை மே மாதம் வாங்கினேன், சார்ஜ் செய்ய ப்ளக் கிடைத்தது செப்டம்பரில்.

இந்த வண்டி வீட்டு ப்ளக்கில், தனியாக வரும் சார்ஜர் மூலம் சார்ஜ் ஆகிறது. பேட்டரியைக் கழற்றி மூன்றாம் மாடிக்குத் தூக்கிப்போகும் வகை இல்லை. நான் குடியிருப்பது வாடகை வீடு. கீழே பொது கராஜில் எனக்கு ஓர் இடம் உண்டு, அங்கே ப்ளக் இல்லை. வீட்டு நிர்வாகத்துக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து ஒரே வரியில் பதில்: தீ ஆபத்து காரணமாக அனுமதி இல்லை. மாடிப்படியில் பார்த்த பெரியவர் ஒருவரும் கேட்டார், "ராத்திரி எல்லாரும் தூங்கும்போது தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?" அவர் பயம் நியாயமானதுதான். பேட்டரி தீ பற்றிய வீடியோக்களை அவரும் பார்த்திருப்பார்.

அப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஜெர்மன் சிவில் சட்டத்தின் 554-ஆம் பிரிவு, 2020 டிசம்பர் 1 முதல், மின்வாகனம் சார்ஜ் செய்யும் வசதிக்கு அனுமதி கேட்கும் உரிமையை வாடகைக்காரருக்குத் தருகிறது. கார் என்று சட்டம் சொல்லவில்லை, மின்சாரத்தில் ஓடும் வாகனம் என்றுதான் சொல்கிறது. செலவு நம்முடையது. உரிமையாளர் மறுக்கலாம், ஆனால் தன்னால் ஏற்க முடியாத அளவு பாரம் என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும். இதைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் எழுதினேன். கூடவே ஒரு கணக்கும் வைத்தேன்: என் சார்ஜர் இழுப்பது 1.5 கிலோவாட், அவர்கள் வீட்டில் டீக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் அதைவிட அதிகம் இழுக்கும். பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் வேலை செய்வார், தனி மீட்டர், தனி ஃப்யூஸ், பூட்டும் மூடி என்றும் எழுதிக் கொடுத்தேன். சட்டத்தைவிட அந்தக் கெட்டில் கணக்குதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். பதினாறு வாரம் ஆனது, எலெக்ட்ரீஷியனுக்கு 640 யூரோ ஆனது.

அதுவரை? சார்ஜரைப் பையில் போட்டு ஃபொயர்பாகில் இருக்கும் அலுவலகத்துக்குத் தினமும் சுமந்தேன். சைக்கிள் கொட்டகையில் ஒரு ப்ளக்கைப் பயன்படுத்திக்கொள்ள அங்கே விட்டார்கள். அந்த தயவு இல்லாவிட்டால் புது வண்டி நான்கு மாதம் துணி மூடிக் கிடந்திருக்கும். அதனால் கேட்கிறவர்களிடம் எல்லாம் முதலில் நான் கேட்பது "ப்ளக் எங்கே இருக்கு?" என்பதுதான். எழுத்தில் அனுமதி வந்த பிறகு ஷோரூமுக்குப் போங்கள்.

இப்போது ராத்திரி செருகிவிட்டால் மூன்றரை மணி நேரத்தில் நிறைந்துவிடும். நான் எடுத்தது ஹைலைன் தொகுப்பு, வேகமான சார்ஜரும் சூடாகும் கைப்பிடியும் அதில் வந்தன. அடிப்படை மாடலோடு வரும் 0.9 கிலோவாட் சார்ஜரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரி முழுக்க நேரம் இருப்பவருக்கு அதுவே போதும். ஆனால் அக்டோபர் காலையில் அந்தக் கைப்பிடிச் சூட்டை அனுபவித்தவர் தொகுப்புக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க மாட்டார்.

ஓட்டும் சுகத்தை எப்படி எழுதுவது? சிக்னலில் பச்சை விழுந்ததும் கைப்பிடியைத் திருகினால் எந்தத் தயக்கமும் இல்லாமல் வண்டி நகர்கிறது. நிற்கும் நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகம் வர மூன்று விநாடி. கியர் இல்லை, கிளட்ச் இல்லை, பெல்ட் என்பதால் செயினுக்கு எண்ணெய் போடும் வேலையும் இல்லை. ப்ராக்ஸாட்டெல் சந்திப்பில் காலை நெரிசலில் நின்று நின்று போகும்போது, அடியில் இன்ஜின் சூடு இல்லாதது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும். சீட் உயரம் 75 சென்டிமீட்டர், எனக்கு இரண்டு காலும் முழுசாகத் தரையில் ஊன்றுகிறது. பின்னோக்கி நகர்த்தவும் மோட்டார் உதவும். கராஜின் சரிவில் இதை விரும்பாத நாள் இல்லை.

மலையைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். எனக்கும் பயம் இருந்தது. டெகர்லோக்குக்கும் கீழே மரியன்பிளாட்ஸுக்கும் 200 மீட்டருக்குமேல் உயர வித்தியாசம். 1884-லிருந்து அங்கே பல்சக்கர ரயில் ஓடுகிறது என்றால் ஏற்றத்தைப் புரிந்துகொள்ளலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னையும் பையையும் சேர்த்து வண்டி 205 கிலோ. அதை அவ்வளவு உயரம் தூக்க 0.12 யூனிட்டுக்கும் குறைவாகத்தான் தேவை. மோட்டார் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியில் நாலு, ஐந்து சதவீதம். மாலையில் திரையில் நான் பார்ப்பதும் அவ்வளவுதான். பேட்டரியைத் தின்பது மலை இல்லை, வேகம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வெயில் காலத்தில் ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர் வருகிறது. பி27 நெடுஞ்சாலையில் 90 வேகத்தில் பிடித்தால் 50 கிலோமீட்டர் தூரத்தைத் தாண்டுவதே கஷ்டம், காற்றின் எதிர்ப்பு அப்படி.

இறங்கும்போது வேறொரு பாடம். ஃப்ளோ முறையில் கைப்பிடியை விட்டால் மோட்டாரே பிரேக் பிடித்து மின்சாரத்தைத் திருப்பி ஏற்றும். சர்ஃப் முறையில் அப்படியே மிதந்து போகும். இறக்கத்துக்கு ஃப்ளோதான். ஆனால் பேட்டரி நூறு சதவீதம் நிறைந்திருந்தால் திருப்பி ஏற்ற இடம் இருக்காது. மலைமேல் குடியிருப்பவர் சார்ஜை 90 சதவீதத்தில் நிறுத்திவிட்டுக் காலையில் கிளம்புவது நல்லது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான், மழை நாளில் பின் பிரேக்கை மென்மையாகத் தொட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வால்டன்பூக், ஷோன்பூக் காடு, பேபன்ஹவுசன் மடம் வழியாகத் ட்யூபிங்கன் போனேன். மே மாதக் காடு, பறவைச் சத்தம் ஹெல்மெட்டுக்குள் கேட்டது. முதல் தடவை வழியில் எதையும் தவறவிடாமல் ஓட்டியதுபோல் இருந்தது. போய்ச் சேரும்போது 54 சதவீதம். திரும்பிவர அது போதுமா என்று மனசு அடித்துக்கொண்டதால், ஒரு காபிக் கடையில் கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஜன்னலோர ப்ளக்கைக் காட்டினார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் தூரம் போகிறவர்களுக்கு இந்த வண்டி இல்லை, அதை வாங்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

சத்தமின்மைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. மின்சாரக் கார்கள் மெதுவாகப் போகும்போது எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும் என்று ஐரோப்பிய விதி உண்டு, பைக்குக்கு அது இல்லை. 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாத ஒரு தெருவில் ஒரு பாட்டி, திரும்பிப் பார்க்காமல் நடைபாதையிலிருந்து இறங்கினார். நான் நின்றுவிட்டேன், அவருக்கு நான் வந்ததே தெரியவில்லை. அன்றிலிருந்து பள்ளி, பேருந்து நிறுத்தம் பக்கம் நடக்கும் வேகத்துக்கு வந்துவிடுகிறேன்.

குளிரில் 80 கிலோமீட்டர் என்பது 55 ஆகிறது. என் வேலைக்குப் போய்வர 22 தான், அதனால் கவலையில்லை. பனிக்கட்டி நாட்களில் ஓட்டுவதில்லை. அப்போது பேட்டரியை அறுபது சதவீதத்தில் வைத்து, உறைநிலைக்குக் கீழே போகாத கராஜில் நிறுத்துகிறேன். உறைந்த பேட்டரியில் சார்ஜ் ஏற்றக் கூடாது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. நான் வாங்கியபோது அடிப்படை விலை சுமார் 8,500 யூரோ. தொகுப்பு, பதிவு, நம்பர் பிளேட் எல்லாம் சேர்த்து 9,600-ஐத் தாண்டியது. இதே வகைப் பெட்ரோல் வண்டிகள் இதில் பாதிக்கே கிடைக்கின்றன. வாகன வரி இல்லை, ஆனால் 125 வகைக்கே இங்கே வரி இல்லை என்பதால் அது தனிச் சலுகை ஆகாது. நூறு கிலோமீட்டருக்கு இழப்பையும் சேர்த்து ஐந்தரை யூனிட் ஆகிறது, என் கட்டணத்தில் 1 யூரோ 80 சென்ட். பெட்ரோலை மிச்சம் பிடித்து விலையை மீட்க நினைத்தால் பல வருடம் ஆகும். நான் அதற்காக வாங்கவில்லை.

சாமான் வைக்க இடம் கிடையாது, பின்னால் கட்டும் பை ஒன்று வாங்கிக்கொண்டேன். காய்கறிக்கு அது போதும்.

வரும் மே மாதம் முதல் டியூஃப் சோதனை, அதாவது வண்டிக்கான கட்டாயத் தகுதிச் சோதனை. புகைச் சோதனை இல்லை. பிரேக், விளக்கு, டயர் பார்ப்பார்கள். பின் டயர் அதற்குள் தேய்ந்துவிடும், புதிதுக்குச் சொல்லிவிட்டேன். கராஜில் என் ப்ளக்குக்குப் பக்கத்தில் போன வாரம் எலெக்ட்ரீஷியன் இன்னொன்று பொருத்திக்கொண்டிருந்தார். மாடிப்படிப் பெரியவரின் மகளுக்காம்.